கோதண்டம் படுத்த பாடை

நன்னிலம் வட்டாரத்தில் ஒத்திகை அண்ணனின் நாடகத்தில் நடிக்காத ஜீவன் கிடையாது. கட்சிக்காரர், கடைக்காரர், கறவை மாடு என்று யாரையும் பிடித்து வந்து தெருமுனையில் நிறுத்திவிடுவார். எந்நேரமும் ஒத்திகை ஒத்திகை என்று அலைந்ததில் அதுவே பெயராகிவிட்டது. ரேஷன் கார்டில் என்ன பெயரோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

எந்தப் பிரச்சினைக்கு நாடகம் எழுதினாலும் எதிராளியையே நடிக்கக் கூப்பிடுவார். பாதிப் பேர் விரட்டிவிடுவார்கள். மனிதர் அசரமாட்டார்.

எங்கள் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை. யார் செத்துப்போனாலும் கோதண்டத்தின் வயலில் இறங்கி, முழங்கால் சேற்றில்தான் பாடையைத் தூக்கிப்போக வேண்டும். வரப்பை அகலப்படுத்த இடம் கேட்டு மனுக் கொடுத்தே சலித்துவிட்டோம். ஒத்திகை அண்ணன் இதையே நாடகமாக எழுதினார். பிணம் வேஷத்துக்குக் கோதண்டத்திடமே போய் நின்றார். கோதண்டத்துக்கு நடிப்பு ஆசை உண்டு. வசனம்தான் மண்டையில் நிற்காது.

“வசனமே இல்லைங்க. படுத்தே இருக்கலாம். ஊரே உங்களுக்காக அழும்.”

“அழுவாங்களா?”

“கதறுவாங்க.”

“செத்த வேஷம் ஆகாதும்பாங்களே?”

“ஆயுசு கூடுங்க.”

மறுநாளே ஒத்திகைக்கு வந்துவிட்டார்.

நாடகத்தன்று அவர் வயலிலேயே அவரைத் தூக்கினோம். முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். பத்தடி போவதற்குள், “டேய், சாயுதுடா!” என்றது பிணம்.

“பிணம் பேசாதுங்க!” என்று வரப்பிலிருந்து கத்தினார் ஒத்திகை.

நடுவயலில் ஒருவன் கால் சறுக்க, கோதண்டம் மாலையோடு சேற்றில் விழுந்தார். கரையில் நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் என் வசனம், “வழி விடுங்கய்யா.” வாயில் வந்ததோ வேறு.

“போன ஐப்பசில எங்கம்மாவும் இங்கதாங்க விழுந்தாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. கோதண்டம் முகத்துச் சேற்றைக்கூடத் துடைக்காமல், “எந்த இடம்?” என்று கேட்டார். காட்டினேன். அறுவடை முடிந்ததும் அவரே கூட நின்று மண் அடித்துப் பாதை போட்டுக் கொடுத்தார்.

நாடகம் அப்புறம் திருவாரூர், முத்துப்பேட்டை என்று பல ஊர் போயிற்று. டீக்கடையில் யார் எதைப் பேசினாலும் வசனமாக்கிவிடும் ஒத்திகை அண்ணன், என் அந்த வரியை மட்டும் சேர்க்கவே இல்லை.

“சேத்தா கைதட்டு அள்ளுமேண்ணே?” என்று நானே கேட்டேன்.

“அது உங்கம்மாவுக்காக நீ பேசுனதுடா. அத ஊர் ஊரா சொல்லவைக்க எனக்கு மனசு வரல.”

அன்றிலிருந்து ஒத்திகை அண்ணன் கூப்பிட்டால், என்ன வேஷம் என்று நான் கேட்பதில்லை.