இறங்க மறுத்த ஈஸ்டர் பாட்டு

கீபோர்டு வாசிப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. கறுப்புக் கட்டைகளைத் தொடுகிறவர்கள், தொடாதவர்கள். நான் இரண்டாவது ரகம். வெள்ளைக் கட்டைகளில் மட்டும் வாசித்துக்கொண்டு, சுருதியை ஏற்றவோ இறக்கவோ ‘டிரான்ஸ்போஸ்’ என்ற பட்டனை அமுக்கிவிடுவேன். கேட்பவர்களுக்கு நான் எல்லாச் சுருதியிலும் புகுந்து விளையாடுவதாகத் தோன்றும். (எனக்கே சில சமயம் அப்படித் தோன்றியிருக்கிறது. அதுதான் கொடுமை.)

அப்போது நான் மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளி டீச்சர். எங்கள் சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றலாகிவிட, ‘குயர்’ என்கிற பாடகர் குழு என் தலையில் விழுந்தது. மகாராணிப் பட்டம் கிடைத்த மாதிரி மிதந்துகொண்டிருந்தேன். சபைச் செயலர் ராஜமணி ஐயாதான் என்னைத் தரைக்கு இறக்கினார்.

“இங்க பாரும்மா. ஈஸ்டர் பாட்டு நல்லா அமைஞ்சா குயர் இருக்கும். சொதப்புனா இனிமே பென் டிரைவ்தான். சொருகுனா பாடும். லீவு கேக்காது, கோவிச்சுக்காது, பிராக்டிஸ்னு சொல்லி டீ கேக்காது.”

எங்கள் குழுவில் இருந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? வாரம் முழுக்க கேரட் மூட்டை ஏற்றுகிறவர்கள், ஹோட்டல் அறை பெருக்குகிறவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளை அங்கியைப் போட்டால்தான் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். அந்த இடத்தில் ஒரு பென் டிரைவா? வெறி பிடித்த மாதிரி பாடிப் பழகினோம்.

ஈஸ்டர் அன்று சீசன் கூட்டமும் சேர்ந்துகொண்டது. சுற்றுலா வந்த குடும்பங்கள் மங்கி கேப்பும் ஸ்வெட்டருமாக வாசல்வரை நெருக்கி நின்றன. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் சுருதியை நன்றாக இறக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஐந்து சரணப் பாட்டு. முதல் சரணம் பிரமாதம். கண்ணை மூடித் தலையைக்கூட ஆட்டினேன்.

இரண்டாம் சரணம் தொடங்கும்போது கரண்ட் போய், உடனே வந்தது. ஒரு கண் சிமிட்டல்தான். ஆனால் அணைந்து எரிந்த கீபோர்டு, நான் இறக்கி வைத்ததையெல்லாம் மறந்துவிட்டுத் தன் சொந்தச் சுருதிக்குப் போய்விட்டது. வாசித்த பிறகுதான் தெரிந்தது, சபை தரையிலும் நான் மாடியிலும் இருக்கிறோம் என்று. பாவம் ஜனங்கள், முக்கி முனகி என்னிடம் ஏறி வந்துவிட்டார்கள்.

மூன்றாம் சரணத்துக்குள் இறக்கிவிடலாம் என்று பட்டனை அமுக்கினேன். ஏற்றும் பட்டனும் இறக்கும் பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என் விரலோ குளிரில் மரத்துக் கிடந்தது. பாட்டு இன்னும் மேலே போனது! பதற்றத்தில் மறுபடியும் அமுக்கினேன். நாலாம் சரணம் அதற்கும் மேலே!

முன்வரிசையில் நின்ற டாக்ஸிக்காரர் செல்வின், கழுத்து நரம்பு புடைக்கக் குனிந்தார்.

“டீச்சர், வெரசா எறக்குங்க! எங்கிட்டுப் போறீங்க?”

“எறக்கத்தாங்க அமுக்குறேன்!”

“அய்யோ, அமுக்காதீங்க, கெடக்கட்டும்!”

அவர் சொல்வதற்குள் என் விரல் இன்னொரு முறை அமுக்கிவிட்டது.

ஐந்தாம் சரணத்தில் ஆண்கள் எல்லாரும் நுனிக்காலில் நின்றார்கள். சுற்றுலாக் கூட்டம் இதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டத் தொடங்கியது. கைதட்டல் பரவியதும் சபையே எழுந்து கத்திப் பாடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குழுவையே ஒழித்துக்கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும், அந்த நிமிஷம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். கடைசி அல்லேலூயாவில் செல்வினின் குரல் கிழிந்து, அவர் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் ராஜமணி ஐயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. நான் கீபோர்டை உறைக்குள் போட ஆரம்பித்தேன்.

“ஏம்மா,” என்றார் தழுதழுத்து, “படிப்படியா ஏத்துனியே, ஆண்டவரே கல்லறைய விட்டு எந்திரிச்சு வர்ற மாதிரியே இருந்துச்சும்மா! பென் டிரைவு இதைச் செய்யுமா? அடுத்த வருசமும் இதே மாதிரி ஏத்திரணும், ஆமா.”

தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்ய எனக்கு ஒரு வருஷம் பயிற்சி தேவைப்பட்டது. இன்றுவரை ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்தப் பாட்டு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. குழுவினர் ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு வருகிறார்கள். செல்வினை நான் கல்யாணம் செய்துகொண்டேன். (தொண்டைக்கு நஷ்ட ஈடு என்கிறார்.)

போன ஈஸ்டரில் ஒரு வெளியூர்க்காரர், ஏன் இப்படி ஒவ்வொரு சரணமும் ஏறுகிறது என்று கேட்டார். குழுவில் பாடும் எங்கள் மகள் பயபக்தியோடு பதில் சொன்னாள்.

“இது வெள்ளைக்காரங்க காலத்துலருந்து எங்க சர்ச் பழக்கம்ங்க.”

ராஜமணி ஐயா “ஆமாமா” என்று தலையாட்டினார். செல்வின் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் இருமல் வந்தவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.