மூன்று காவல்காரர்களும் ஒரு தனி வார்டும்

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் நலம் என்பதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது. அங்கு தங்கள் நலமும் குழந்தைகள் நலமும் அறிய ஆவல். இதை மின்னஞ்சலில் அனுப்பாமல் தபாலில் அனுப்புகிறேனே என்று சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் பக்கம் போக எனக்குத் தற்போது அனுமதி இல்லை. 'தாங்கள், தங்கள்' என்று எழுதி எனக்கு மூச்சு வாங்குகிறது, இதற்கு மேல் நீதான். அன்றைக்கு போனில் "அக்கா எப்படி சமாளிச்சா அத்தான்?" என்று கேட்டாயே, அதை போனில் சொல்லி முடிக்க முடியாது மச்சான். உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம்.

உன் அக்கா தலைமை நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாளே தவிர, ஓயவில்லை. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு பாடப் புத்தகம் எழுதினாள். முன்னறையில் ஜன்னலோரம் இருக்கிற கம்ப்யூட்டரில், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவாள். நான் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "உன் டைப்பிங் முடிஞ்சுதா?" என்று கேட்பதோடு சரி. ஒரு வருஷ உழைப்பு. எழுதி முடித்துவிட்டாள், திங்கட்கிழமை கொண்டுவரும்படி அச்சகக்காரர் சொல்லிவிட்டார், அவள் நடத்தப்போகும் வகுப்புக்கு ஆட்கள் பெயரும் கொடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டரின் பாதுகாப்பை நான் கையில் எடுத்தேன்.

திரையில் திடீரென்று ஒரு சிவப்புப் பெட்டி முளைத்து, 'உங்கள் கணினி பேராபத்தில் உள்ளது' என்று சைரனோடு அலறியது. எனக்குப் புல்லரித்துப்போய்விட்டது. தொழிற்சாலை வாசலில் காவல் மேற்பார்வையாளராக இருந்தவன் நான், இப்படி விழிப்பான ஓர் ஆளுக்காக வேலைக்காலம் முழுக்க ஏங்கியவன். அது சொன்ன இடத்தையெல்லாம் அமுக்கி, உடனே அதை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ஆனால் எங்கள் வாசலில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே வருகிறவனை ஒரு காவல்காரன் சோதிப்பான், அந்தக் காவல்காரனை இன்னொருவன் சோதிப்பான், ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேர் பையையும் மூன்றாமவன் சோதிப்பான். அதனால் முதல் ஆளைக் கண்காணிக்க இன்னொரு வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்டேன். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மாடி வீட்டு வங்கிக்காரர் மெச்சிய மூன்றாவதையும் போட்டேன். கம்ப்யூட்டரோடு கூடவே வந்த பாதுகாப்பு ஒன்று ஏற்கனவே இருந்தது. ஆனால் அது ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பேசாத காவல்காரன் தூங்குகிற காவல்காரன் என்பது என் அனுபவம். அதை அணைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வேன்! முதலாவது இரண்டாவதைத் திருடன் என்று பிடித்தது. இரண்டாவது மூன்றாவதைப் பிடித்தது. மூன்றாவது 'இருவரையும் வெளியேற்றவா?' என்று என்னிடம் அனுமதி கேட்டது, நானும் நியாயம்தானே என்று கொடுத்துத் தொலைத்தேன், ஆனால் ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை. உள்ளே இருக்கிற காற்றாடி மாவு மில் மாதிரி இரைந்தது. சுட்டியை இழுத்தால் அம்பு ஆற அமர வந்து சேர்ந்தது. இவ்வளவுக்கும் நடுவில் உன் அக்கா வந்து புத்தகத்தைத் திறக்கப் பார்க்கிறாள், அந்தக் கோப்பே அங்கே இல்லை. இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் உடனே உனக்கு போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடச் சொல்லுங்க அத்தான், கடைக்காரன் மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவான்." நானும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கடைக்கு. உன் தம்பிதான் அழிச்சிடச் சொன்னான்."

"உசிரு இருக்கிற பேஷன்ட்டை யாருங்க எரிக்கக் கொண்டுபோவா? கொண்டாந்து மேஜையில வைங்க. வச்சிட்டு அந்த நாற்காலில உட்காருங்க. எந்திரிக்கக் கூடாது."

மச்சான், அந்தக் குரலில் இவள் அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்களையே வராந்தாவில் காத்திருக்க வைத்தாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் கேட்டேன். முதல் காரியமாக இணைய இணைப்பைப் பிடுங்கினாள். "பார்வையாளர் நேரம் முடிஞ்சுது," என்றாள். பிறகு என்னை விசாரித்தாள்: எது முதலில் வந்தது, எதற்கப்புறம் மூச்சு வாங்கியது, நான் எதையெல்லாம் அமுக்கினேன். "பார்த்ததையெல்லாம் அமுக்கினேன்," என்றேன். "உண்மையைச் சொன்னதுக்குச் சந்தோஷம்," என்றாள். தன் போனில் ஏதேதோ தேடிப் படித்து, கம்ப்யூட்டரை அவசியமான வேலைகள் மட்டும் ஓடுகிற பாதுகாப்பு நிலையில் எழுப்பினாள். "மூணு மருந்தை ஒண்ணா குடுத்துட்டு நோயாளிக்கு மயக்கம் வருதேன்னா எப்படி? ஒண்ணொண்ணா நிறுத்தணும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கணும்." இரண்டாவதும் மூன்றாவதும் சொன்னவுடன் மரியாதையாகப் போய்விட்டன. நான் மெச்சிச் சேர்த்தேனே அந்தச் சைரன்காரன், அவன்தான் போகமாட்டேன் என்று காலைப் பிடித்துக்கொண்டான். 'எங்களை விட்டுப் பிரிய உறுதியாக முடிவெடுத்துவிட்டீர்களா?' என்று கண்ணீர் விடும் பொம்மை வேறு! திருடனைப் பிடிக்கிறேன் என்று வந்தவனே திருடன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனைத் துரத்துவதற்கென்றே நம்பகமான கருவி ஒன்றைத் தன் போனில் தேடி இறக்கி, அதிலிருந்து ஏற்றி ஓட விட்டாள். திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தையாக நகர ஆரம்பித்தது.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வருஷமாக அவள் விரல் தேயத் தட்டியது என்னால் போய்விட்டதே என்று கண்ணே கலங்கிவிட்டது, எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். எழுந்திரிக்கக் கூடாதல்லவா, உட்கார்ந்தபடியே ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, "ஞாபகம் இருக்கிறதையாவது எழுதறேன்" என்று ஆரம்பித்தேன். நோயாளியைப் புரட்டுவதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும், மூட்டையைப் புரட்டுகிற மாதிரி புரட்டக் கூடாது. மாற்று விரிப்பு ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இப்படியே வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டே போனேன், தாள் தாளாக. கடைசிப் பாடத்தில், பார்த்துக்கொள்கிறவள் நின்றுகொண்டே சாப்பிடக் கூடாது, அவளிடம் யாராவது 'நீ சாப்பிட்டியா' என்று கேட்க வேண்டும், கேட்க ஆள் இல்லாவிட்டால் அவளே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வரும். இதில் எது அவள் எழுதியது, எது நானாகச் சேர்த்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அவளோ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ம், அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை மும்முரம், பாவம்.

பச்சைக் கோடு முடிந்தது. "அவங்க பிடிச்ச ஆளுங்களை எங்க வச்சிருந்தாங்கன்னு பார்ப்போம்," என்று எங்கேயோ போய், போனவர்கள் விட்டுச் சென்ற ஒரு பட்டியலைத் திறந்தாள். 'தனிமைப்படுத்தப்பட்டவை' என்று இருந்தது. "செத்துட்டா பிணவறைக்கு அனுப்புவாங்க. சந்தேகம்னாதான் தனி வார்டு," என்றாள். உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது புத்தகம்! பக்க எண் தானாக விழுவதற்காக அவள் அதில் சேர்த்திருந்த ஏதோ ஒரு சின்னக் கட்டளையைப் பார்த்து சந்தேகப்பட்டிருக்கிறார்கள் மடையன்கள். அவசரப்பட்டு வெளியே விட்டாளா என்றால், அதுவும் இல்லை. மறுபடி ஒரு முறை சோதித்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் டிஸ்சார்ஜ். நான் கைதட்டிவிட்டேன். அப்போதும் எழுந்திரிக்கவில்லை.

இனி எந்தப் பாதுகாப்பை வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நல்ல கணீர்க் குரலாக ஒன்றைப் பார்ப்போம் என்றேன். பார்த்தாளே ஒரு பார்வை! வார்டுக்கு ஆள் எடுக்கிற மாதிரி வரிசையாகக் கேள்வி வைத்திருந்தாள்: வெளியாட்கள் வைத்த சோதனையில் தேறியிருக்கிறதா, புது நோய்களைப் பற்றித் தானே தினமும் படித்துக்கொள்கிறதா, நல்லவனைப் பிடித்து உள்ளே போடுகிறதா, இருக்கிற வேலையைக் கெடுக்காமல் தன் வேலையைச் செய்கிறதா, போ என்றால் போகுமா. பெரிய பெரிய பெயரையெல்லாம் வடிகட்டி, கடைசியில் நம் வீட்டுத் தேவைக்கு இது போதும் என்று யாரைத் திரும்ப வேலைக்கு எடுத்தாள் தெரியுமா? நான் வீட்டுக்கு அனுப்பினேனே, அந்த வாய் திறக்காதவனைத்தான். "நல்ல நர்ஸ் இருக்கிற இடமே தெரியாதுங்க. கத்துறவ வேலை கத்துக்காதவ," என்றாள். எங்கள் வாசல் சட்டத்தை எழுதியவர்கள் யாரும் இவள் வார்டில் ஒரு நாள்கூட இருந்ததில்லை என்பது எனக்குப் புரிந்துபோயிற்று.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. உன் அக்கா மாதிரி ஒருத்தியை எனக்குக் கொடுத்த உன் குடும்பத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? 'அழிச்சிடுங்க' என்று இனி யாருக்கும் யோசனை சொல்லாதே, அது போதும். குழந்தைகளுக்கு என் ஆசியும் முத்தமும். உன் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். சிவப்பாக எது முளைத்தாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்
(காவல் மேற்பார்வையாளர், ஓய்வு, தற்சமயம் முழு ஓய்வு)

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போயிருக்கிறார். அவர் எழுதியிருக்கிற அளவுக்கெல்லாம் நான் ஒன்றும் பெரிதாகச் சாதிக்கவில்லை. புத்தகத்தின் பிரதி ஒன்று பென் டிரைவில், என் தையல் பெட்டியில் பத்திரமாக இருந்தது. மாற்று விரிப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினவளே நான்தானேடா. கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்றுதான் முதலில் சொல்லாமல் இருந்தேன். சரி, போதும், சொல்லிடலாம் என்று வாயைத் திறக்கும்போது அவர் தாளை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரு வருஷமாக நான் சுவரோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து அத்தனையும் கேட்டிருக்கிறார் மனுஷர். அப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது அவளிடம் 'நீ சாப்பிட்டியா' என்று கேட்க வேண்டும் என்பது நான் எழுதியதே இல்லை. கடைசிப் பாடத்தில் என்னுடையதை எடுத்துவிட்டு, அவர் எழுதினதை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். புத்தகம் வந்ததும் அவரே பார்த்துக்கொள்ளட்டும், அதுவரை நீ மூச்சு விடாதே. இப்போதே தெரிந்தால் தைரியம் வந்து மறுபடி கம்ப்யூட்டரில் கை வைத்துவிடுவார்.