புகையாத வண்டியின் புகை

நெருப்பைக் கண்டுபிடித்தது மனிதகுலம். புகையைக் கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி என்று கண்டுபிடித்தது எங்கள் அலுவலகம். இரண்டில் எது கடினம் என்பதை அறிவுடையோர் தீர்மானிக்கட்டும்.

வாகனப் புகைக் கண்காணிப்பு அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாக எழுத்தராக இருக்கும் பேறு பெற்றவன் நான். ஊர் வண்டிகளின் புகையை அளக்க எங்களிடம் ஒரு சோதனை வேன் இருந்தது. வேனுக்கு வயது இருபத்தொன்று. அது வரும்போது யாரும் அதன் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டியதில்லை, அது கக்கும் புகையில் படிக்கவும் முடியாது. ஒருநாள் நாங்கள் ஒரு லாரியை மடக்கியபோது, லாரிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கி வந்தார்.

"சார், மொதல்ல உங்க வண்டிய அணைங்க. அப்பத்தான் இதுல என் புகை எதுன்னு தெரியும்."

கடமையிலிருக்கும் புகையை அவமதித்தார் என்று அவர்மேல் தனியாக ஒரு குறிப்பு எழுதினோம்.

வேனை ஓட்டியவர் எங்கள் ஓட்டுநர். அவரிடம் ஒரு பெருங்குறை இருந்தது: தெரிந்ததைச் சொல்லிவிடுவார். ஒருநாள் நேராக இயக்குநர் அறைக்குள் போய் நின்றார்.

"ஐயா, புகை நீலமா வருது. பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு. ஆயில் மேல ஏறி எரியுது. வாரத்துக்கு ஒரு லிட்டர் குடிக்குது. எஞ்சினப் பிரிச்சு ரிங் மாத்தினா சரியாயிடும்."

"ஏம்ப்பா, நீங்க எஞ்சினியரா?"

"ஓட்டுநருங்க."

"அப்ப ஓட்டுங்க."

இவ்வளவு தெளிவான நிர்வாகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வேன் நிற்கும் கொட்டகைக்கு அடுத்த சுவர் ஒரு பள்ளிக்கூடத்தின் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் மூன்றாம் வகுப்பு. அதன் ஆசிரியை ஒரு காலையில் வந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். அதுவே எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

"தினம் எட்டரை மணிக்கு வண்டிய ஸ்டார்ட் பண்றீங்க சார். கால் மணி நேரம் உறும விடறீங்க. ஜன்னல மூடினா வேர்த்துக் கொட்டுது, தொறந்தா இருமுறாங்க. மூச்சிரைப்பு இருக்கற பொண்ணு ஒண்ணு என் வகுப்புல இருக்கா. நேத்து எழுந்து நிக்க முடியாம என் மடியிலயே சாஞ்சுட்டா."

இயக்குநர் மிகவும் நெகிழ்ந்தார். நெகிழ்ந்தால் அவர் குழு அமைப்பார். அன்று மதியமே 'நிற நிர்ணயக் குழு' பிறந்தது.

குழுவில் இயக்குநர், கண்காணிப்பாளர், வெளியிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் ஆகியோர் இருந்தார்கள். நான் குறிப்பெடுத்தேன். ஆலோசகர் வந்ததும் மடிக்கணினியைத் திறந்து, புகையில் மூன்று வகை உண்டு என்று அறிவித்தார். கறுப்பு என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. வெள்ளை என்றால் தண்ணீர் கசிந்து உள்ளே போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இதை ஓட்டுநர் சொன்னபோது அது அதிகப்பிரசங்கித்தனம். ஆலோசகர் சொன்னபோது தொழில்நுட்பம்.

"அப்ப இது நீலம்தானே?" என்றார் கண்காணிப்பாளர்.

"அவசரப்படாதீங்க. எந்த நீலம்?" என்றார் ஆலோசகர்.

பெயிண்ட் கடையிலிருந்து நிற அட்டை வரவழைக்கப்பட்டது. அதில் நீலம் மட்டும் நாற்பத்து மூன்று. மூன்று கூட்டங்கள் கொட்டகையிலேயே நடந்தன. வேன் உறும, மூக்கில் கைக்குட்டையோடு மூவரும் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. எரிச்சலும் அகலவில்லை. கண்காணிப்பாளர் 'மாலை நேரக் கடல்' என்றார். இயக்குநர் 'புறாக் கழுத்து' என்றார். கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

கடைசியில் ஆலோசகர்தான் வழி காட்டினார். "நம்மகிட்டயே கருவி இருக்கே. அதை வெச்சே அளந்துடலாமே."

அருமையான யோசனை. ஆனால் கருவி வேனுக்குள் பொருத்தப்பட்டிருந்தது. வேன் ஓடினால் அதிர்வில் முள் ஆடும். ஆடினால் அளவு செல்லாது என்பது விதி. ஆகவே விதிப்படி எஞ்சினை அணைத்துவிட்டு அளந்தோம். புகை: சுழியம். 'இவ்வாகனம் புகை வெளியிடுவதில்லை' என்று சான்றிதழ் எழுதி, முத்திரை குத்தி, வேனின் முன்கண்ணாடியிலேயே ஒட்டினோம். ஆசிரியைக்கு ஒரு நகலும், ஜன்னலுக்குத் திரை போடலாம் என்ற ஆலோசனையும் போயின.

இந்த மகத்தான தீர்வு ஓட்டுநருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் விடுமுறை வந்தபோது, மெக்கானிக்காக இருக்கும் தன் மைத்துனரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். நானும் ஏதோ வேலையாக வருவதுபோல் வந்து எட்டிப் பார்த்தேன்.

மைத்துனர் ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தார். ஒன்றில் மிகவும் குறைவாக இருந்தது. அதில் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தார். அழுத்தமானியின் முள் ஏறியது.

"பாத்தீங்களா மாமா, ஆயில் போய் இடுக்க அடச்சதும் அழுத்தம் நிக்குது. வால்வுல கோளாறுன்னா இப்படி ஏறாது. ரிங்தான் போயிருக்கு. நீங்க சொன்னது சரி."

"நான் சொன்னது சரின்னு இன்னிக்குத்தான்டா ஒருத்தன் சொல்றான்" என்றார் ஓட்டுநர்.

இரண்டு நாளும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் புது ரிங் மாற்றினார்கள். திங்கட்கிழமை எட்டரைக்கு வேன் கிளம்பியது. சைலன்சரில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார் ஓட்டுநர். அழுக்கே இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. கறை படிந்த கையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா வேறெதுவா என்று நான் கேட்கவில்லை.

அலுவலகம் கதிகலங்கிப் போனது.

வேன் முன்பு புகைத்ததென்றால் எங்கள் சான்றிதழ் பொய். புகைக்கவில்லை என்றால் இப்போது சரிசெய்யப்பட்டது எது? குழு உடனடியாக 'விசாரணைக் குழு'வாக வளர்ந்தது. குற்றச்சாட்டை நான்தான் படித்தேன்: "இல்லாத புகையை முன் அனுமதியின்றி அகற்றியமை."

"இல்லாதத எப்படிங்க அகற்ற முடியும்?" என்றார் ஓட்டுநர்.

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம். எப்படி அகற்றினீங்க?" என்றார் இயக்குநர்.

ஆசிரியை அழைக்காமலே வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். "நான் கண்ணால பார்த்தேன் சார். ஒரு வருஷமா பார்த்தேன்."

"கண் அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லைங்க, மேடம்" என்றார் ஆலோசகர்.

பிள்ளைகள் வரைந்த படங்களை மேசைமேல் வைத்தார் ஆசிரியை. எல்லாவற்றிலும் ஒரு வேன். எல்லா வேனுக்கும் பின்னால் நீலக் கிறுக்கல். இயக்குநர் ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்ல கற்பனை வளம்" என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க மேசை கொட்டகை ஜன்னல ஒட்டித்தானே இருக்கு? நீங்க எப்பவாவது புகையப் பார்த்திருக்கீங்களா?"

ஓட்டுநரும் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். தினமும் காலையில் என் கோப்புகள்மேல் படிந்த கரியைத் துடைத்துவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குவேன். அந்தத் துணியை அலசிக் காயப்போடுபவரும் அவரே.

"இல்லைங்க" என்றேன்.

ஓட்டுநர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். வேனைச் சான்றிதழ் வழங்கப்பட்ட நாளில் இருந்த நிலைக்கே திருப்பிக் கொண்டுவர ஆணை பிறந்தது. மைத்துனர் முடியாது என்று ஸ்பேனரை வீசிவிட்டுப் போனார். வேறு ஆளைப் பிடித்துப் பழைய ரிங்குகளையே மாட்டினோம். எட்டரை மணிக்கு இப்போது எந்த ஜன்னலும் திறப்பதில்லை. அந்த மூச்சிரைப்புப் பெண் பள்ளியைவிட்டு நின்றுவிட்டாள் என்று கேள்வி.

நான் எழுதிய விசாரணைக் குறிப்பை மாதிரிக் கோப்பாக எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை என்று இயக்குநர் எல்லோர் முன்னும் என் கையைக் குலுக்கினார். உண்மைதான். பிழை எழுத்தில் இல்லை, எழுத்தரிடம் இருந்தது.