சிலிண்டர் அக்கா கையைக் கட்டிக்கொண்ட கதை

வல்லத்திராக்கோட்டையில் பூமியின் ஈர்ப்பு சக்தியை நேருக்கு நேர் எதிர்த்து நின்ற ஒரே ஆள் சிலிண்டர் அக்காதான். தரையில் ஒரு பொருள் சும்மா கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. தூக்கிவிடுவார். அது யாருடையது, எங்கே போகவேண்டியது என்பதெல்லாம் தூக்கிய பிறகு யோசிக்கவேண்டிய சின்ன விஷயங்கள்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி, அக்காவின் எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்த புதிது. கேஸ் வண்டி எங்கள் சந்துக்குள் வராது. மெயின் ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். நான் பில்லை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் என் சிலிண்டர் ஓர் அம்மாளின் இடுப்பில் கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்து சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. திருட்டு என்றே நினைத்துப் பின்னால் ஓடினேன். அந்த அம்மாள் அதை என் அடுப்படியில் இறக்கிவைத்துவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டார்.

“வாசல் நெலை ரொம்பக் குட்டையா இருக்கு டீச்சரு. வீட்டுக்காரருட்டச் சொல்லி ஒசத்தச் சொல்லுங்க. அடுத்த சிலிண்டருக்குத் தலை இடிக்கும்.”

அந்தச் சந்தில் எல்லா வீட்டு சிலிண்டரும் அப்படித்தான் போய்ச் சேரும் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

ஒருமுறை பஸ்ஸில் வந்தபோது, பக்கத்து சீட் அம்மாளின் அரிசி மூட்டையை, “நீங்க மெதுவா வாங்கத்தா, நான் எறக்குறேன்” என்று தூக்கிக்கொண்டு எங்கள் ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அந்த அம்மாள் போகவேண்டியது ஆவுடையார்கோவிலுக்கு. மூட்டை இங்கே, ஆள் பஸ்ஸில். அக்கா மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டே பஸ்ஸைத் துரத்தினார். டிரைவர் கண்ணாடியில் அந்தக் காட்சியைப் பார்த்துப் பயந்துதான் பஸ்ஸை நிறுத்தினார் என்று ஊரில் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட அக்கா ஒருநாள் ரைஸ் மில் சுவரைப் பிடித்துக்கொண்டு, தொடைகளை நெருக்கி வைத்து, முகமெல்லாம் வேர்த்து நிற்பதைப் பார்த்தேன். காலடியில் மாவுத் தூக்கு.

“என்னக்கா செய்யுது?”

“ஒண்ணுமில்ல டீச்சரு. கொஞ்சம் எறங்கியிருக்கு. வீட்டுக்குப் போயி உள்ள தள்ளிவிட்டா சரியாப் போயிரும்.”

“எது எறங்கியிருக்கு?”

காதோடு சொன்னார். கர்ப்பப்பை.

“எத்தனை நாளா இப்பிடி?”

“சின்னவன் காலேஜ்ல சேந்தான்ல, அப்பத்துலேருந்து.”

சின்னவன் படிப்பு முடித்து, திருப்பூரில் வேலை தேடி, கல்யாணமும் ஆகி, அவன் மகள் எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். அத்தனை வருஷமும் இந்த மனுஷி தள்ளிவிட்டுக்கொண்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஊர் சிலிண்டரையெல்லாம் சுமந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

“அண்ணன்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதாக்கா?”

“அவருட்டயா? அவரு பயந்த ஆளு டீச்சரு. பல்லி விழுந்தாலே பஞ்சாங்கம் பாப்பாரு.”

அண்ணன் என்பது அவர் கணவர். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். பேசவேண்டியதையெல்லாம் அங்கிருந்தபோது போனிலேயே பேசித் தீர்த்துவிட்ட மாதிரி, வாயைத் திறக்க மாட்டார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

புதுக்கோட்டையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார். “மூணு மாசத்துக்குத் தண்ணிக்குடம் தூக்கக் கூடாது. குத்தவெச்சு உக்காரக் கூடாது. இருமல் வந்தா உடனே வாங்க. மலச்சிக்கல் வராமப் பாத்துக்குங்க, முக்கவே கூடாது. தையல் விட்டுச்சுன்னா மறுபடி எறங்கிரும். ரெண்டாவது தடவை சரிபண்றது எனக்கும் கஷ்டம், ஒங்களுக்கும் கஷ்டம்.” அக்கா பயபக்தியோடு தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் கேஸ் வண்டி ஹாரன் அடித்தது. ஏதோ உறுத்தலில் எட்டிப் பார்த்தேன். அக்கா சிலிண்டர் கைப்பிடியில் கையை வைத்துக் குனிந்து நிற்கிறார்.

“அக்கா! என்ன பண்றீங்க?”

“ஏன் கத்துறீங்க? டாக்டரம்மா குடத்தைத்தானே தூக்கக் கூடாதுன்னாங்க. சிலிண்டரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”

அன்றிலிருந்து சந்துப் பெண்கள் முறைவைத்துக் காவல் இருந்தோம். அவர் கண்ணில் படும்படி எதையும் தரையில் வைக்கக் கூடாது என்று எங்களுக்குள் சட்டம். ஆளுக்கொரு பக்கம் பப்பாளி, கொய்யா, வாழைப்பழம் என்று கொடுத்ததில், மலச்சிக்கல் அந்தச் சந்திலிருந்தே ஓடிப்போனது.

குத்தவைக்கக் கூடாது என்றதும் அண்ணன் பேசாமல் ஒரு காரியம் செய்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் வட்டமாக அறுத்து, கக்கூஸில் போட்டுக்கொடுத்தார். ஒருநாள் அதைக் கழுவி வாசலில் வெயிலுக்கு வைத்து, மேலே துண்டையும் காயப்போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து குன்றாண்டார்கோவிலிலிருந்து சின்னவனின் மாமனார், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக உடம்பு விசாரிக்க வந்தார். கொஞ்சம் கனத்த சரீரம். “இருக்கட்டும், இருக்கட்டும், காத்தாட இங்கயே உக்காருறேன்” என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உள்ளே போய்விட்டார். கால்கள் இரண்டும் மேலே. ஆப்பிள் நாலு திசைக்கும் உருண்டது.

சம்பந்தி அப்படிக் கிடந்தால் யாராக இருந்தாலும் பதறுவார்கள். அக்கா பதறவில்லை. கண்ணில் ஒரு பிரகாசம் வந்தது. புடவையைச் சொருகிக்கொண்டு அவர் அக்குளில் கைகொடுக்கப் போனார்.

“தூக்காதீங்க!” என்று மூன்று பேர் பாய்ந்து அக்காவைப் பிடித்தோம். “யாராச்சும் தூக்குங்களேன்!” என்று உள்ளேயிருந்து சம்பந்தி கத்தினார். கடைசியில் அண்ணன் ரம்பத்தை எடுத்துவந்து நாற்காலியை அறுத்துத்தான் மீட்டார். போகும்போது சம்பந்தி, அடுத்த ஆம்பளை மேல் கை படாதபடி ஒருத்தர் மனைவியை ஊரே சேர்ந்து இவ்வளவு காவல் காத்துப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது உடற்பயிற்சி. ஒன்றுக்குப் போவதை அடக்குகிற மாதிரி இறுக்கி, கொஞ்சம் வைத்திருந்து, விடவேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். மற்றவர்கள் செய்தால் வெளியே தெரியாது. அக்கா செய்தால் புருவம், மூக்கு, உதடு எல்லாம் சேர்ந்து இறுகும். பஸ் ஸ்டாப்பில் ஒரு கீரைக்காரம்மா, “என்னத்தா, பல்வலியா?” என்று இரக்கப்பட்டுக் கேட்டுவிட்டார்.

“பல்லு நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கர்ப்பப்பை எறங்கி, ஏத்தித் தச்சிருக்காங்க. அதுக்கு எக்சசைசு” என்றார் அக்கா, பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்கும்படி. அத்தனை வருஷம் புருஷனிடம்கூட மறைத்தவர், தையல் போட்டதும் வாய்த் தையலைப் பிரித்துவிட்டார். ஆண்கள் சட்டென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கீரைக்காரம்மா மட்டும் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, “எனக்கும் லேசா அப்பிடித்தான் இருக்கு, எந்த ஆஸ்பத்திரி?” என்று மெல்லக் கேட்டார். உடம்பு விசாரிக்க வீட்டுக்கு வந்த பெண்களிலும் சிலர், கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி இதையே கேட்டார்கள். அக்கா அவர்களை டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் மது எடுப்பு வந்துவிட்டது.

மது எடுப்பு என்பது எங்கள் பக்கத்து அம்மன் கோவில் திருவிழா. வீட்டுக்கொரு குடம், அதுதான் மது. பித்தளைக் குடத்தில் நெல்லை நிரப்பி, தென்னம்பாளையை விரித்துச் செருகி, அந்த வீட்டுப் பெண் தலையில் சுமந்து கோவிலுக்குப் போகவேண்டும். ஊரிலேயே பெரிய குடம் யார் வீட்டுக் குடம் என்று சொல்லவேண்டியதில்லை. மருமகள்கள் இருவரும் குழந்தைகளின் பரீட்சையால் வர முடியாத நிலை. டாக்டரம்மா சொன்ன கெடு இன்னும் முடியவில்லை.

“ஆத்தா குடம் பாரமா டீச்சரு? அது வேற கணக்கு” என்று ஒற்றைக்காலில் நின்றார் அக்கா. டாக்டரம்மா பெயரைச் சொன்னோம், மசியவில்லை. அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அக்காவும் சேர்ந்து பட்டினி கிடந்தார். வேறு வழியில்லாமல் நாங்கள் ஒரு சூழ்ச்சி செய்தோம். குடத்தின் அடியிலிருந்து கழுத்து வரை வைக்கோலைத் திணித்து, மேலாக மட்டும் நெல்லைப் பரப்பி, பாளையைச் செருகி, ஒன்றும் தெரியாதவர்கள் போல நின்றோம்.

மேளம் ஆரம்பித்தது. அக்கா மஞ்சள் புடவையில் வந்து, அம்மனை நினைத்துக் கண்ணை மூடி, நெல்குடத்துக்கு எவ்வளவு வலு கொடுக்கவேண்டுமோ அவ்வளவையும் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கினார். குடம் தலையில் நிற்கவில்லை. தலையைத் தாண்டி ஆகாயத்துக்குப் போனது. நெல் மழையாகக் கொட்டியது, வைக்கோல் அவர் தோளிலெல்லாம் வந்து விழுந்தது, குடம் உருண்டுபோய் மேளக்காரர் காலில் முட்டி நின்றது. மேளமும் நின்றது.

குடத்தைப் பற்றி யாருக்குக் கவலை? எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ, அந்த முழு வலுவையும் நாங்களே கொடுக்கவைத்துவிட்டோம். அக்கா வயிற்றில் கையை வைத்தபடி அசையாமல் நின்றார். அண்ணன் முகத்தில் ரத்தமில்லை.

“ஏதும் ஆயிருச்சா?” என்றார் அண்ணன். அவ்வளவு பேர் முன்னால் அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

அக்கா கண்ணை மூடினார். புருவம், மூக்கு, உதடு எல்லாம் இறுகின. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தது. அப்புறம் மெதுவாக எல்லாம் தளர்ந்தது.

“நிக்குது” என்றார். “தையல் நிக்குது.”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கிடந்த அந்த மனிதரைத் தூக்க அவர் கை துறுதுறுத்திருக்கும். ஆனால் தூக்கவில்லை. எதிரில் நாற்காலி ஒன்று கிடந்தது, அதில் உட்கார்ந்துகொண்டு, “இந்தா, அழுகாதீங்க. தூக்கல. இனிமே தூக்கல” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “குடத்தை எடுத்துட்டு வந்து ஒழுங்கா நெல்லைப் போடுங்க. ஆத்தாளுக்கு வைக்கோலா கொண்டுபோறது? அவ என்ன மாடா? தங்கச்சி, நீ தூக்கு.”

“நானாக்கா? நான் வெளியூரு. எனக்கு இந்த ஊர்ல குடம் கெடையாதே.”

“எந்த ஊரா இருந்தா என்ன? எனக்குத் தங்கச்சின்னா இந்த வீட்டுப் பொம்பளைதானே? தலையைக் குடு.”

அந்தக் குடத்தின் பாரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. கழுத்து உள்ளே போய்விட்டது. பாதி வழியில் தள்ளாடினேன். பக்கத்தில் வந்துகொண்டிருந்த அக்காவின் கைகள் மின்னலாக நீண்டன. நீண்ட வேகத்திலேயே பின்வாங்கின. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டார். “நேராப் பாரு. காலை அகட்டி வையி. மூச்சு விடு” என்று திட்டிக்கொண்டே கோவில்வரை வந்தார். பிடித்த கையை விடவே இல்லை.

அதெல்லாம் முடிந்து அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். கேஸ் வண்டி இன்றும் மெயின் ரோட்டில்தான் நிற்கிறது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து சிலிண்டரைக் கொண்டுவருகிறோம். அக்கா வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பிடிக்கத் தெரியவில்லை, நடக்கத் தெரியவில்லை என்று ஒவ்வொருவரையும் வறுத்தெடுக்கிறார். போன மாதம் எனக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தது. அங்கே சிலிண்டர் வீட்டு அடுப்படிவரை வந்துவிடும், திட்டுவதற்கு ஆள் கிடையாது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.