எந்த ரவை நல்ல ரவை

ரொறன்ரோவில் ஒரு பொருளை வாங்குவதற்கு முன் மிக அதிகமாக யோசித்த மனிதர் யார் என்று போட்டி வைத்தால், தசமண்ணைக்கு எதிரே நிற்க ஆள் கிடையாது. எந்தக் கட்டில் வாங்குவது என்று யோசித்தே இரண்டு வருடம் தரையில் படுத்தவர் அவர். அளவில்லாமல் அவருக்குப் பேச்சும் வராது. தேநீருக்குச் சீனி கேட்டால்கூட, “ஒண்டு தசம் ஐஞ்சு கரண்டி” என்பார். நாம் புள்ளி என்பது அவருக்குத் தசம்; பெயர் வந்தது அப்படித்தான். அஜின்கோர்ட்டில் அவர் வீட்டு பேஸ்மென்டில் நான் குடியிருந்தேன்.

ஒரு நாள் கீழே இறங்கி வந்தார்.

“தம்பி, உமக்கு ரவையைப் பற்றித் தெரியுமோ?”

மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது. வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தேன். “தெரியும்ண்ணே. நல்லா வறுத்துட்டா கட்டி தட்டாது.”

“வறுக்கிறதோ? வெடிச்சிடுமெல்லோ.”

“கடுகுதாண்ணே வெடிக்கும்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மூன்று தோட்டாக்களை எடுத்து மேசையில் நிறுத்தினார். நாம் தோட்டா என்பதை அவர்கள் ஊரில் ரவை என்பார்களாம். நான் வாணலியை எடுத்த இடத்தில் வைத்தேன்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் போர் முடிந்த கோடை அது. மாதக்கணக்காகத் தொலைக்காட்சி முன்னால் சாப்பாடு தூக்கமில்லாமல் கிடந்த அவர் மனைவி மலர் அக்கா, ஊரில் தன் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தொலைபேசி வந்த பிறகுதான் எழுந்தார். விட்பியைத் தாண்டி ஒரு பண்ணையில் துண்டு நிலம் எடுத்துக் கத்தரியும் பயிற்றையும் நட்டார். சிரிக்கவும் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, பூனையைவிடப் பெருத்த கிரவுண்ட்ஹொக் என்கிற பிராணி ஒன்று வளையிலிருந்து வந்து கன்றுகளை வரிசையாகத் தின்ன ஆரம்பித்தது. அக்கா மறுபடி சோபாவில் சாய்ந்தார்.

சுடுவதற்குப் பண்ணைக்காரர் சரி என்றார். அண்ணை துப்பாக்கி லைசென்ஸும் எடுத்துவிட்டார். ஆனால் கதவை அடித்துச் சாத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர் அக்கா. வெடிச் சத்தம் கேட்டால் தோட்டப் பக்கமே வரமாட்டார். அவர் இல்லாத நேரம் சுடலாமென்றால், நாங்கள் தனியாக என் காரில் போன நாளெல்லாம் அந்தப் பிராணி தலையே காட்டவில்லை.

“தசம் ஒண்டு ஏழு கோடு கீறினமாதிரி நேராப் போகும், ஆனா சத்தம் சாட்டை அடி. தசம் இரண்டு இரண்டு மூண்டால அடிச்சா மிருகமும் மிஞ்சாது, கத்தரியும் மிஞ்சாது. தசம் இரண்டு இரண்டு சாது. ஆனா தூரம் போனாத் தாழும்,” என்று ரவையின் பருமனை அங்குலக் கணக்கில் சொல்லி வழி முழுக்கப் பாடம் நடத்துவார்.

அங்கே போனதும், அக்கா வழக்கமாக நிற்கிற பயிற்றம் பந்தலடியில் நான் கண்ணை மூடி நிற்கவேண்டும். அவர் எதிர்ப்பக்கத்து மண்மேட்டில் குத்தி வைத்த காகித வட்டத்தைச் சுடுவார். சுட்டவுடன் வட்டத்தைப் பார்க்கப் போகமாட்டார், என்னிடம்தான் ஓடி வருவார்.

“சத்தம் எப்பிடி?”

“தீபாவளி வெடிண்ணே.”

“இப்ப?”

“தேங்காய் உடைக்கிற மாதிரி.”

கடைசியில், ஒலியைவிட மெதுவாகப் போவதால் சத்தம் அதிகம் வராத தசம் இரண்டு இரண்டு ரவை ஒன்றைத் தேடிப் பிடித்துவந்தார்.

“அப்பளம் நொறுங்குற மாதிரி இருக்குண்ணே.”

அண்ணை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அக்காவை வற்புறுத்தி அழைத்துப் போனோம். அவர் பயிற்றங்காய் பறித்துக்கொண்டிருக்கும்போது கிரவுண்ட்ஹொக் மண்மேட்டடியில் எழுந்து நின்றது. அண்ணை சுட்டார். ரவை பாதி வழியில் தாழ்ந்து மண்ணைக் கிளப்பியது. பிராணி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆற அமர வளைக்குள் போனது.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இஞ்சருங்கோ, தும்மினனீங்களோ? தொப்பியைப் போடுங்கோ, தடிமன் பிடிக்கப் போகுது.”

அண்ணை துப்பாக்கியைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு வரப்பில் ஒரு ஆட்டம் ஆடினார். என்ன ஏது என்று தெரியாமலே அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு அக்காதான் சொன்னார், “ஒரு கம்பி வேலி அடிச்சாக் காணுமெல்லோ.” கோடை முழுக்க யோசித்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. வேலி அடித்தோம். தோட்டம் தப்பியது.

கம்பியை இழுத்துக் கட்டும்போது அண்ணையைக் கேட்டேன்: “அன்னைக்குக் குறி எவ்வளவு தள்ளிப் போச்சுண்ணே? அளந்திருப்பீங்களே.”

“இல்லை தம்பி. விசையை அமத்தின உடன நான் மலரின்ர முகத்தையெல்லோ பாத்தனான்.”

அந்த மனிதரை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இன்றும் பிடிக்கும்.