லென்ஸ் நலம், ஹூடுக்குத்தான் காயம்

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம். அங்கே நீங்களும் எங்கள் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேமரா நலம். லென்ஸ் நலம். பேட்டரி, தோள்பட்டை வார், பை, துடைக்கிற துணி எல்லாம் நலம். லென்சின் முன்னால் மாட்டும் அந்த ஹூடைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் எழுதுகிறேன், அதற்குள் பதற வேண்டாம். பதறும்படி ஒன்றும் இல்லை என்று இப்போதே, காலை 10.25க்கு, எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். பஸ் டிப்போவில் முப்பத்து மூன்று வருடம் டைம் கீப்பராக இருந்தவன் எழுத்தில் கொடுத்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அங்கே என்னை முகத்துக்கு நேரே 'சார்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'நிமிஷம்' என்றும் கூப்பிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், பாப்பா சொல்லியிருப்பாள்.

உங்கள் அத்தை போன வெள்ளிக்கிழமை தலைமை நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அந்த ஆஸ்பத்திரியில் ஓய்வு பெறும் தலைமை நர்ஸ்களின் படத்தைப் பெரிதாக்கி வார்டு நடைபாதைச் சுவரில் மாட்டுவார்கள். ஆறு படம் இருக்கிறது. ஏழாவதுக்கு ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறார்கள், நான்கு வருடமாக அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே அவள் வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். "எனக்கு வேற எதுவும் வேண்டாங்க, ஒரே ஒரு படம், என் முகம் தெரியற மாதிரி" என்பாள். நீங்கள்தான் வந்து எடுப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் உங்களுக்கு வெளியூர் வேலை வந்துவிட்டது, அதில் உங்கள்மேல் தப்பு இல்லை. வேறு ஆளை அனுப்புகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, "எதுக்கு மாப்பிள்ளை, நானே எடுக்கிறேன்" என்று மார்தட்டியது நான். அதில் முழுத் தப்பும் என்னுடையது.

நீங்கள் கேமராவைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "மாமா, எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன். பட்டனை மட்டும் அமுக்குங்க. முன்னாடி இருக்கிற ஹூடை எப்பவும் மாட்டியே வைங்க. பிளாஷைத் தூக்கினா மட்டும் கழட்டிடுங்க." இவ்வளவுதான் சொன்னீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் போய் இது என்ன, அது என்ன என்று கேட்டால் நம் கெத்து என்ன ஆவது?

நீங்கள் கிளம்பியது திங்கள் காலை 7.50. எட்டு மணிக்கு நான் ஒத்திகை ஆரம்பித்துவிட்டேன். பையிலிருந்து எடுத்தபோது அந்தக் கறுப்பு வளையம் லென்சின் மேல் பின்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது, சரி, மாப்பிள்ளை இப்படித்தான் மாட்டச் சொல்லியிருக்கிறார் என்று திங்கள் முழுக்க அப்படியே எடுத்தேன், லென்சைத் திருப்பலாம் என்றால் விரல் நுழையவில்லை. செவ்வாய்க்கிழமைதான், அது பைக்குள் இடம் அடைக்காமல் இருக்கத் திருப்பிப் போட்ட நிலை என்று அத்தை கண்டுபிடித்தாள், அவள் ஊசி மூடியைத் தினமும் கழட்டி மாட்டுகிறவள். நேராக மாட்டினேன். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று பிளாஷைத் தூக்கி அவளை நிறுத்தி ஒன்று எடுத்தேன், ஹூடைக் கழட்ட மறந்துவிட்டேன், படத்தில் அவள் இடுப்புக்குக் கீழே கறுப்பாக ஒரு அரைவட்டம், பெரிய அண்டாவுக்குள் இறங்கி நிற்பது போல இருந்தாள். "என்னங்க இது, ஏழாவது ஆணியில என்னை அண்டாவோட மாட்டப்போறீங்களா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹூடைக் கழட்டித் துடைத்து மறுபடி மாட்டினேன். அது நான்கு இதழ் உள்ள வளையம் இல்லையா, இரண்டு நீளம், இரண்டு குட்டை, எது எங்கே வரவேண்டும் என்று யார் கண்டது, அவசரத்தில் கோணலாக மாட்டிவிட்டேன் போலிருக்கிறது, அன்றிலிருந்து கேமராவில் கண் வைத்துப் பார்த்தால் நான்கு மூலையும் இருட்டு.

இருட்டைப் பார்த்ததும் எனக்குக் கேமராவைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை, மாப்பிள்ளை. வயதாகிவிட்டது, கண் போகிறது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். புதன்கிழமை அத்தையிடம் சொன்னால், "நாலு மூலையும் இருட்டா? நாளைக்கே கண் டாக்டரைப் பாருங்க" என்று அவள் மூஞ்சியும் மாறிவிட்டது. வியாழன் காலை 9.15க்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரைக்கும் படித்தேன், அப்புறம் சொட்டு மருந்தும் விட்டார். அவருக்குக் குழப்பம்.

"எப்பல்லாம் இருட்டாத் தெரியுது?"

"கேமராவுல பார்க்கும்போது மட்டும் டாக்டர்."

அவர் கையை நீட்டினார். "கேமரா கையில இருக்கா?"

கொடுத்தேன். ஹூடைப் பிடித்து ஒரு திருகு திருகினார், 'டக்' என்று சத்தம் வந்தது. "இப்பப் பாருங்க." பார்த்தேன். மூலையெல்லாம் பளிச். "உங்க கண்ணு முப்பது வயசுக் கண்ணு சார். ஹூட்தான் கோணல்" என்றார். என்ன ஒரு நிம்மதி! எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், சொட்டு மருந்து விட்டிருந்ததால் முதலில் பிடித்தது மேசை விளக்கை.

அந்த நிம்மதியோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கிறதா? "இது எதுக்குத்தான் டாக்டர், வெறும் அலங்காரமா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கும் படம் எடுக்கும் பைத்தியம் உண்டாம். "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். சொன்னேன். "வெயில்ல நின்னு தூரத்துல பஸ் வருதான்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்னை அறியாமல் என் கை நெற்றிக்குப் போய் வெயிலை மறைத்துக்கொண்டது. "அதான் சார் ஹூட். படத்துக்குள்ள வராத வெளிச்சம் ஓரத்துலேருந்து கண்ணாடி மேல விழுந்தா படம் வெளுத்துப்போகும், வெள்ளை வெள்ளையா வட்டம் விழும். அதைத் தடுக்கத்தான் இது. எங்கயாவது இடிச்சாலும் முதல் அடியை இது வாங்கிக்கும்" என்றார்.

வெள்ளை வட்டம் என்று அவர் சொன்னதும் எனக்கு எங்கள் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். பாப்பாவுக்குக்கூடக் காட்ட வேண்டாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பதிவு அலுவலகப் படிக்கட்டில் நானும் அவளும் நிற்கிறோம். நான் மீசையோடு பளிச்சென்று தெரிகிறேன். அவள் கழுத்துக்கு மேல் ஒரு வெள்ளைப் பந்து. எங்கள் கல்யாணத்துக்கு என்று இருப்பது அந்த ஒரு படம்தான், அதில் அவளுக்கு முகமே இல்லை. முப்பத்தோரு வருடமாக ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அந்தப் படத்தின் முன்னால் நின்று, "படுபாவி, கேமரா பிடிக்கத் தெரியாத ஆளு, என் முகத்தைத் தின்னுட்டான்" என்று அந்த ஸ்டூடியோக்காரரைத் திட்டுவாள். நானும் பக்கத்தில் நின்று, "ஆமாம், சுத்த உதவாக்கரை" என்பேன்.

அந்த மனிதர் உதவாக்கரை இல்லை, மாப்பிள்ளை. அவர் லென்சின் முன்னால் இதே மாதிரி ஒரு கறுப்பு வளையம் மாட்டித்தான் வந்தார். நான்தான், "அந்த டப்பாவைக் கழட்டுங்க, எங்க தலையெல்லாம் அதுல வெட்டுப்படும்" என்றேன். "பக்கவாட்டுல வெயில் அடிக்குது சார், இது இருக்கட்டும்" என்று அவர் கெஞ்சினார். மாப்பிள்ளை முறுக்கு எனக்கு. "கழட்டுங்கன்னா கழட்டுங்க." கழட்டினார். படம் ஏதோ என்னால் கெட்டது என்று மனதில் ஒரு உறுத்தல் அப்போதே இருந்தது, ஆனால் நிச்சயமாகத் தெரியாத வரைக்கும் அது வெறும் உறுத்தல். கண் டாக்டர் அதை நிச்சயமாக்கிவிட்டார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். இரண்டாவது முறையும் அவள் முகத்தைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை 4.10. வார்டு நடைபாதை. கடைசியில் ஆளுயர ஜன்னல், அதில் சாய்வெயில் சரியாக என் இடது கன்னத்தில். அவள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சீருடையில் ஏழாவது ஆணிக்குக் கீழே நிற்கிறாள். சுற்றிலும் நர்ஸ்கள், பெரிய டாக்டர், கட்டிலிலிருந்து எழுந்து வந்த நோயாளிகள். நான் ஹூடை டக்கென்று சத்தம் வரும்வரை திருகி, இரண்டு முறை தட்டிப் பார்த்து, ஆடாமல் நின்றேன். அப்போது ஒரு சின்ன டாக்டர், நல்ல பிள்ளைதான், என் பக்கத்தில் வந்து, "சார், முன்னாடி அந்த டப்பா மறைக்குமே, கழட்டிட்டு எடுங்களேன்" என்றார்.

"கழட்ட மாட்டேன்!" என்று கத்தினேன். மாப்பிள்ளை, டிப்போவில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. குளுக்கோஸ் பாட்டிலோடு நின்ற ஒருவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். உங்கள் அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், என்ன மாதிரி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எட்டுப் படம் எடுத்தேன். எட்டிலும் அவள் முகம் தெரிகிறது, ஆனால் விசாரணைக்குக் கூப்பிட்ட மாதிரி விறைப்பாக நிற்கிறாள். ஒன்பதாவதுக்கு எல்லாரையும் சேர்க்கலாம் என்று பின்னால் நகர்ந்தேன். பின்னால் மருந்து வண்டி இருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்தவள், மனுஷன் விழப்போகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாய்விட்டுச் சிரித்தாள். வண்டி என் இடுப்பில் பட்ட அதே நொடியில் என் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. அப்புறம் நான், மாத்திரை டப்பாக்கள், கேமரா, எல்லாம் தரையில்.

கேமரா விழுந்தது மூக்குக் குப்புற. நான்கு நர்ஸ்கள் ஓடிவந்தார்கள், நான்கு பேரும் கேமராவிடம். அத்தை மட்டும் என்னிடம் வந்து இடுப்பை அமுக்கிப் பார்த்து, "ஒண்ணும் இல்லை, எழுந்திருங்க" என்றாள். பெரிய டாக்டரே குனிந்து கேமராவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹூடில் ஒரு விரிசல், இதழ் ஒன்று பாதி உடைந்து தொங்கியது. லென்ஸ் கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது! "வெளிக்காயம்தான், உள்ளே பாதிப்பில்லை" என்றார். அப்பாடா என்று அந்த மருந்து வண்டியையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஹூடுக்கு உங்கள் அத்தை தன் கையாலேயே பிளாஸ்திரி போட்டாள். அதுதான் அவள் பணிக்காலத்தின் கடைசிக் கட்டு.

அந்த ஒன்பதாவது படத்தில் அவள் இருக்கிற பகுதியைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். மற்ற ஆறு தலைமை நர்ஸ்களும் விறைத்துப் பார்க்க, ஏழாவது ஆணியில் இவள் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. நானே போய் நின்று பார்த்தேன், பதினேழு நிமிடம். முப்பத்தோரு வருடக் கடனை ஒருவாறு அடைத்த மாதிரி நெஞ்சு லேசாகிவிட்டது. ஆனால் பழைய டப்பா விஷயம் மட்டும் உங்களோடு இருக்கட்டும், அவளுக்குத் தெரிந்தால் இந்த வயதில் எனக்குச் சோறு கிடைக்காது. கேமராவை இந்தக் கடிதத்தோடு பையில் வைத்து, நமக்குத் தெரிந்த கண்டக்டர் மூலம் மாலை 3.30 வண்டியில் அனுப்புகிறேன்.

நீங்களும் பாப்பாவும் நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் இருக்க வேண்டும். உங்கள் கையில் கேமரா ஆடாமல் இருக்கட்டும், பின்னால் எந்த வண்டியும் இல்லாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
மாமா

பி.கு.: மணி 2.40. மேலே எழுதியதில் ரகசியம் என்று சொன்னதையெல்லாம் அடித்துவிடவும். ஹூடின் பிளாஸ்திரியை மாற்ற வேண்டும் என்று உங்கள் அத்தை பையைத் திறந்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். சோறு போச்சு என்று நினைத்தேன். அவள் எழுந்து போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதே படிக்கட்டு, அதே நாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக, கண் மைகூடத் தெரிகிறது. ஸ்டூடியோக்காரர் எனக்குத் தெரியாமல் டப்பாவைத் திரும்ப மாட்டி இன்னொன்று எடுத்திருக்கிறார். நான் எங்கே என்று பார்த்தேன். ஓரத்தில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை நெற்றியில் வைத்து 10.20 பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பிரிண்ட் வாங்கப் போனப்பவே அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். வருஷா வருஷம் அதுக்குத்தான் உங்க முன்னாடி நின்னு அந்த நல்ல மனுஷரைத் திட்டினேன். அன்னைக்கு வார்டுல நீங்க 'கழட்ட மாட்டேன்'னு கத்தினப்பதான், சரி, ஆளுக்கு உறைச்சிடுச்சுன்னு புரிஞ்சுது" என்கிறாள். இப்போது இரண்டையும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். ஒன்றில் அவளுக்கு முகம் இல்லை, ஒன்றில் எனக்கு இல்லை. நீங்கள் புது ஹூடோடு வந்து, இரண்டு முகமும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

அந்த 10.20 பஸ் அன்றைக்குப் பதினோரு நிமிடம் தாமதமாகத்தான் வந்தது, மாப்பிள்ளை. நான் திரும்பி நின்றிருக்கலாம்.