நாற்பது பேரின் இடது தோள்

அந்த மாதத்தில் அது ஒன்பதாவது கழுத்து.

குப்புறப் படுத்திருந்தவரின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததுமே பிசியோதெரபிஸ்டுக்குப் புரிந்துவிட்டது. இடது தோள் காதைத் தொட முயன்றுகொண்டிருந்தது. இடுப்புக்கு மேலே வலதுபக்கத் தசை கயிறு மாதிரி முறுக்கேறியிருந்தது.

"கிடார் வாசிக்கிறீங்களா?"

"எப்படி டாக்டர் கண்டுபிடிச்சீங்க?"

"வீட்ல ஒண்ணு இருக்கு."

அவள் சொன்னது கிடாரை அல்ல, கணவரை. வாரத்தில் ஐந்து நாள் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்து விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மனிதர், சனிக்கிழமையானால் மூன்று சகாக்களோடு கார் ஷெட்டில் புகுந்துகொண்டு ராக் வாசிப்பார். இரண்டு வருடமாக அவர் தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. கார் ஓட்டும்போதும் அப்படித்தான். எதிரே வருகிறவர்கள், ஆள் திரும்பப் போகிறார் என்று நினைத்து பிரேக் போட்டார்கள்.

முதலில் வந்த ஒரு பேஸ் கிடார்காரரின் கழுத்தை அவள் நெட்டி முறித்து வலியைப் போக்கியதிலிருந்து, வாத்தியக்காரர்கள் மத்தியில் அவளுக்கு 'நெட்டி டாக்டர்' என்று பெயர் நின்றுவிட்டது. பெயர் பரவிய வேகத்தில் கழுத்துகளும் வந்தன.

அன்று சாயங்காலம் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எல்லாருக்கும் ஒரே எடத்துல வலி. என்னதான் பண்றீங்க?"

"வாத்தியார் அப்படித்தான் நிப்பார்," என்றார் கணவர்.

வாத்தியார் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. அறுபத்திரண்டு வயது ராக் கிடார் கலைஞர். அதிகம் பேச மாட்டார். வலது காலில் எடை முழுவதையும் போட்டு, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, இடது தோளை மேலே ஏற்றிக்கொண்டு ஒரு சுரத்தை இழுத்து நிறுத்துவார். அது முடியும்வரை கேட்கிறவர்கள் மூச்சு விட மறந்துபோவார்கள். மற்ற கிடார்காரர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் காலையில் திறந்து, அவர் மாதிரியே சாய்ந்து நின்று பார்ப்பார்கள்.

"இப்ப புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கார் தெரியுமா?" கணவரின் கண்கள் பளபளத்தன. "இடது கையில ரெண்டே விரலாலதான் வாசிக்கிறார். மோதிர விரலும் சுண்டு விரலும் சும்மா நிக்குது. என்ன அடக்கம், என்ன சிக்கனம். நாங்களும் ரெண்டு விரலாலயே பழகிட்டு வர்றோம். ரொம்பக் கஷ்டமா இருக்கு."

ஒருவனுடைய இரண்டு விரல்கள் சும்மா நிற்பதற்கு அடக்கம் காரணமாக இருக்க முடியாது என்பது அவள் தொழில் அறிவு.

அன்றைக்கே வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'ஐயா, உங்களைப் பார்த்து நிற்பவர்கள் ஒன்பது பேருக்கு நான் சிகிச்சை செய்துவருகிறேன். தயவுசெய்து ஒருமுறை நேரில் வாருங்கள்.'

நாலாம் நாள் வாத்தியாரே வந்து நின்றார். கூட அவருடைய அக்கா வந்திருந்தாள். வெளியறை நாற்காலியில் உட்கார்ந்து, பத்திரிகையைப் பிரித்து, குறுக்கெழுத்துப் போட்டியில் இறங்கிவிட்டாள்.

உள்ளே, சட்டையைக் கழற்றிய பிறகுதான் வாத்தியார் வாயைத் திறந்தார்.

"ரெண்டு விரல் மரத்துப்போகுது டாக்டர். ஒரு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லல."

"நரம்பு அழுத்திக்கிட்டு இருக்கு. இப்படியே நின்னீங்கன்னா அடுத்த வருஷம் மத்த விரலும் போயிடும்."

அவர் தன் இடது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வாரத்தில் அவருடைய பெரிய கச்சேரி. நாற்பது கிடார் கலைஞர்கள் அவருக்கு மரியாதை செய்வதற்காக அவர் பின்னால் நின்று வாசிக்கப் போகிறார்கள். அந்த நாற்பதில் அவள் கணவரும் ஒருவர். தேர்வான அன்று அவர் சோறு தண்ணி இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ணிடலாம்," என்றாள் அவள். "ஆனா நேரா நிக்கணும்."

"நிக்கிறேன். இது நமக்குள்ள இருக்கட்டும். தெரிஞ்சா அந்தப் பசங்க மனசு உடஞ்சிடும்."

பசங்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருந்தது. அவள் சம்மதித்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் ஒத்திகையில் வாத்தியார் சுவரில் ஆணி அடித்த மாதிரி நேராக நின்றார். கணவர் பரபரப்போடு வீடு திரும்பினார்.

"வாத்தியார் மாறிட்டார். இனிமே நேராத்தான் நிக்கணும்."

"நல்லதுதானே?"

நல்லதாக இருக்கவில்லை. வாத்தியார் நேராக நின்றால் அவர்கள் அவரைவிட நேராக நின்றார்கள். நெஞ்சை நிமிர்த்தி, முதுகை வளைத்து, முழங்காலைப் பூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் வாசித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பதினான்கு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றார்கள். கழுத்து வலி யாருக்கும் இல்லை.

வாத்தியாரின் மணிக்கட்டுக்குத் தாங்கலாக அவள் நீல நிற டேப் ஒட்டிவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கணவர் நீல டேப்போடு சாப்பிட உட்கார்ந்தார்.

"கை வலிக்குதா?"

"இல்ல. இது போட்டா நாதம் கனமா வருது."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எங்களுக்கே தெரியுது."

மருந்துக்கடையில் நீல டேப் தீர்ந்துபோயிற்று. கிடைக்காதவர்கள் மின்சார டேப்பை ஒட்டிக்கொண்டார்கள். அதைப் பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. அதற்கும் அவளிடம்தான் வந்தார்கள்.

ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் இடது கையைத் தொங்கவிட்டு உதறும்படி வாத்தியாரிடம் சொன்னாள். நாற்பது பேர் கை உதறினார்கள். நெருக்கமாக நின்றதில் இரண்டு பேருக்கு மூக்கில் அடி. கடைசியாக, கால் ஓய்வுக்காக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னாள். மறுநாள், இவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவள் என்று அவளுக்கு மேடை மேனேஜர் போன் செய்தார்.

"டாக்டர், நாப்பது ஸ்டூல் கேக்குறாங்க. இது கச்சேரியா, உங்க கிளினிக் வெயிட்டிங் ரூமா?"

"அவங்ககிட்ட உக்கார வேண்டாம்னு சொல்லுங்க."

"சொன்னேன். ஸ்டூல் இல்லாம எப்படி வாசிக்க முடியும்னு கேக்குறாங்க. போன வாரம்வரைக்கும் இவங்க நின்னுக்கிட்டு என்னத்த வாசிச்சாங்கன்னு எனக்குப் புரியல."

அன்று வாத்தியார் சிகிச்சைக்கு வந்தபோது அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

"நீங்களே அவங்ககிட்ட பேசுங்க சார். என்னைப் பாத்து நிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை. நான் சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல."

வாத்தியாருக்குப் பேசுவதென்றால் வேப்பங்காய். ஆனாலும் ஒப்புக்கொண்டார். கடைசி ஒத்திகையில் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். நாற்பது தொண்டைகள் செருமின.

"என்னைப் பாத்து நிக்காதீங்கப்பா. அவங்கவங்களுக்கு எப்படி வசதியோ அப்படி நில்லுங்க."

சிலர் அதைக் குறித்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து முதல் கழுத்துக்குச் சொந்தக்காரரான பேஸ் கிடார்காரர் கை தூக்கினார்.

"அப்படியே செய்யறோம் வாத்தியாரே. நீங்க வசதியா நின்னா எப்படி நிப்பீங்க, அதை மட்டும் ஒரு தடவ காட்டிடுங்க."

கச்சேரி நாளன்று அவள் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில், வாத்தியாரின் அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். கையில் வலி நிவாரண ஸ்பிரே. முன்னெச்சரிக்கை.

முதல் மூன்று பாட்டு ஸ்டூல் எதுவும் இல்லாமல், நேராக நின்றே போயிற்று. வாத்தியாரின் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடார் தந்திகள் மேல் ஓடுவதை அவள் எண்ணாத குறையாகப் பார்த்தாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த இரண்டு விரல்களைத் தெரியும். ஆறு வாரம் அவள் கையில் பிடித்திருந்த விரல்கள்.

நாலாவது பாட்டின் நடுவில் அந்த இடம் வந்தது. வாத்தியார் கண்ணை மூடினார். சுரம் எழுந்து, நின்று, மேலே போகப் பார்த்தது. அதோடு அவர் உடம்பும் மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தது. இடது தோள் ஏறியது. பின்னால் நாற்பது பேரும், யாரும் யாரையும் பார்க்காமல், ஒரே காற்றுக்கு வளைகிற பயிர் மாதிரி சாய்ந்தார்கள். கடைசி வரிசையில் அவள் கணவரும் சாய்ந்து நின்றார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை காலியாக இல்லை.

திட்ட வேண்டும் என்று எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுரம் ஓய்ந்து, கைத்தட்டல் கிளம்பிய பிறகுதான் தன் தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

கச்சேரி முடிந்து வாத்தியார் நேரே அவளிடம் வந்தார். நாற்பது பேரும் கிடாரைத் தோளில் மாட்டியபடி பின்னாலேயே வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். அந்த எடத்துல மட்டும் நேரா நிக்க முடியல."

"அது எங்கேர்ந்து வந்தது சார், அந்த நிலை?"

வாத்தியார், மேடையில் என்றுமே பேசாத அளவுக்குப் பேசினார்.

"எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பதிமூணு வயசுல என் கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல ஒரு படம் இருந்தது. பெரிய கிடார் கலைஞர் ஒருத்தர் மேடையில நிக்கிற படம். அப்படிச் சாஞ்சு நிப்பார். அவரை நான் நேர்ல பாத்ததே இல்ல. ஆனா ஒண்ணு தோணிச்சு. இந்த மனுஷன் இப்படி நின்னு இவ்வளவு பெருசா வந்திருக்கார்னா, வாசிப்பெல்லாம் அந்தச் சாய்வுலதான் இருக்கணும். தினமும் அந்தப் படத்தைப் பாத்து நின்னேன். அப்புறம்தான் வாசிக்கவே வந்தது. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அவர்தான் வாத்தியார்."

நாற்பது பேரில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். பேஸ் கிடார்காரர் தேம்பியே விட்டார். அவள் கணவர் நீல டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாத்தியாரின் அக்கா பத்திரிகையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அவர் நேராத்தாண்டா நின்னார்," என்றாள். "படத்தைக் கோணலா ஒட்டினது நான்."